எக்ஸ்எஸ்எல்டி வேரியபிளில் மதிப்பை ஏன் மாற்ற முடியவில்லை?

எக்ஸ்எம்எல் ஆவணத்தை ஹெச்டிஎம்எல் போன்ற வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழி எக்ஸ்எஸ்எல்டி. அதில் 'மொத்தம்' என்ற வேரியபிளை 0 என்று வைத்து, ஃபார்-ஈச் (ஒவ்வொரு உறுப்புக்கும் ஒருமுறை இயங்கும் கட்டளை) உள்ளே பில் தொகைகளைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் 0 தான் நிற்கும், இல்லையென்றால் பிழைச் செய்தி வரும். புதிதாகக் கற்பவர்கள் பலரும் இடறும் இடம் இது.

இங்கே வேரியபிள் என்பது போட்டு எடுக்கும் டப்பா அல்ல, ஒரு மதிப்புக்கு இட்ட பெயர். குழந்தையின் பிறந்த எடை 3 கிலோ என்றால் என்றைக்கும் 3 கிலோதான். இன்று 10 கிலோ இருந்தால் அது வேறொரு பதிவு. 1999-இல் வந்த முதல் பதிப்பிலேயே வேண்டுமென்றே இப்படி வைத்தார்கள். எதுவும் மாறாததால், எந்த உறுப்பை முதலில் கையாண்டாலும் விடை ஒன்றே. இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு.

இன்னொன்று: இஃப் என்ற நிபந்தனைக் கட்டளைக்குள் அறிவித்த வேரியபிள் அதற்கு வெளியே இருக்காது. அதனால் வேரியபிளை வெளியே அறிவித்து, நிபந்தனையை அதற்குள் எழுதுங்கள்.

சரி, கூட்டுவது எப்படி? சம் என்ற செயற்கூறு போதும். வரிசை எண்ணுக்குப் பொசிஷன். படிப்படியாகச் சேரும் தொகை வேண்டுமென்றால், டெம்ப்ளேட் (பெயரிட்டு அழைக்கக்கூடிய கட்டளைத் தொகுப்பு) தன்னையே அழைத்து, இதுவரை சேர்ந்ததைப் பாராமீட்டராக, அதாவது உள்ளே அனுப்பும் மதிப்பாகக் கொடுக்க வேண்டும். 2017-இல் வந்த 3.0 பதிப்பில் இதற்கென்றே, ஒரு சுற்றின் மதிப்பை அடுத்த சுற்றுக்குக் கொடுக்கும் இட்டரேட் என்ற கட்டளை இருக்கிறது.

ஃபார்-ஈச்சைப் பலர் மற்ற மொழிகளின் லூப் என்றே நினைக்கிறார்கள். அது ஒவ்வொரு உறுப்பையும் தனியாகத்தான் பார்க்கிறது, முந்தைய சுற்றில் கணக்கிட்ட எதுவும் அடுத்த சுற்றுக்குப் போகாது.