சட்டத்தைக் கேளுங்கள்: பேரன் எந்த நாட்டுப் பிள்ளை?

கேள்வி: என் மகன் மலேசியக் குடிமகன். மருமகள் பட்டுக்கோட்டைப் பெண், இந்தியப் பாஸ்போர்ட். கிள்ளானில் கோயிலில் தாலி கட்டினான், அறுநூறு பேர் வந்து சாப்பிட்டுப் போனார்கள். பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். பேரன் இங்கேதான் பிறந்தான். அவன் பிறந்து மூன்று மாதம் கழித்துத்தான் பதிவுத் திருமணம் நடந்தது. அவனுடைய பிறப்புச் சான்றிதழில் ‘புக்கான் வார்காநெகாரா’, அதாவது குடிமகன் அல்ல என்று இருக்கிறது. இப்போது எட்டு மாதம். மரபணுச் சோதனை எடுத்துக் காட்டினால் மாற்றித் தருவார்களா?
– பெயர் வேண்டாம், கிள்ளான்

பதில்: மாட்டார்கள், அம்மா. தகப்பன் யார் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமே இல்லை. பிள்ளை பிறந்த அன்று தாயும் தகப்பனும் பதிவு செய்துகொண்ட தம்பதியா என்பதுதான் கேள்வி. மலேசிய அரசியல் சட்டப்படி, மலேசிய மண்ணில் பிறந்து, பெற்றோரில் ஒருவராவது குடிமக்களாக இருந்தால் பிள்ளை குடிமகன். ஆனால் திருமண உறவுக்கு வெளியே பிறந்த பிள்ளை என்றால், ‘பெற்றோர்’ என்ற சொல்லைத் ‘தாய்’ என்று படிக்க வேண்டும் என்று இரண்டாம் அட்டவணை சொல்கிறது. தாய் இந்தியர். முடிந்தது கதை. இதுவே உங்கள் மகள் ஓர் இந்தியருடன் பதிவில்லாமல் வாழ்ந்து அங்கேயே பெற்றிருந்தால் பிள்ளைக்குக் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை வந்திருக்கும்!

முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவு செய்வது அங்கே 1982-இலிருந்து கட்டாயம். சில கோயில்களில் துணைப் பதிவாளராக நியமிக்கப்பட்டவரே இருப்பார். அவர் முன்னால் கையெழுத்துப் போட்டிருந்தால் தாலியும் பதிவும் ஒரே நாளில் முடிந்திருக்கும். வெளிநாட்டுப் பெண் என்றால் திருமணமாகாதவர் என்று அவர் நாட்டுத் தூதரகச் சான்று வேண்டும். அதற்கு அலைய வேண்டுமே என்றுதான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். இதே சிக்கலோடு என்னிடம் வந்த ஒருவர் கல்யாண ஆல்பத்தையே தூக்கிக்கொண்டு வந்தார். மேசையில் வைத்தபோது என் பேனா உருண்டு விழுந்தது. பந்தல், நாதசுரம், வாழை இலை எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருந்தார். பதிவுச் சான்றிதழ் ஒன்றுதான் இல்லை.

பிறகு நடந்த பதிவு பிள்ளையை முறைப்படியான வாரிசாக்கும். குடியுரிமைக்கு அது பின்தேதியிட்டுச் செல்லாது. 2021 மே மாதம் மலேசியாவின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. மலேசியத் தகப்பன், பிலிப்பைன்ஸ் தாய். பிள்ளை பிறந்து ஐந்து மாதம் கழித்துத் திருமணம். நான்கு நீதிபதிகள் பிள்ளைக்கு எதிராக, மூன்று பேர் ஆதரவாக. அந்த மூவர் சொன்னதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் நீங்கள் நிற்க வேண்டியது நால்வரின் தீர்ப்பின்மேல்.

உங்களுக்கு உள்ள வழி, மலேசிய அரசியல் சட்டத்தின் 15ஏ பிரிவு. சிறப்புச் சூழ்நிலையில் 21 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளையையும் அரசு குடிமகனாகப் பதிவு செய்யலாம். இந்த வயதை 18 ஆகக் குறைக்கும் திருத்தமும் 2024 அக்டோபரில் மக்களவையில் நிறைவேறியிருக்கிறது. ஆகவே உட்கார்ந்திருக்க வேண்டாம். இது உரிமையன்று, அரசின் விருப்பம். ஒருமுறை மறுத்தால் மறுபடி விண்ணப்பியுங்கள்.

இதற்கிடையில், தாய் இந்தியர்தானே, தூதரகத்தில் பதிந்து இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள் என்று பலரும் சொல்வார்கள். சற்றுப் பொறுங்கள். இந்தியச் சட்டப்படி பிறந்து ஓராண்டுக்குள் பதிய வேண்டும் என்பது உண்மை. ஆனால் எந்த நாட்டுக் குடிமகனாகவும் இல்லாமல் மலேசியாவில் பிறக்கும் பிள்ளை மலேசியக் குடிமகன் என்று அதே இரண்டாம் அட்டவணையில் ஒரு விதி இருக்கிறது. முதல் ஓராண்டுக்குள் வேறு குடியுரிமை கிடைத்தால், பிறந்தபோதே அது இருந்ததாகக் கணக்கு. இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. இந்தியத் தூதரகத்துக்குப் போகும் முன், அங்குள்ள குடியுரிமை வழக்கறிஞர் ஒருவரிடம் இந்த வாதம் எடுபடுமா என்று கேட்டுவிடுங்கள். ஓராண்டு தாண்டினாலும் மத்திய அரசின் அனுமதியோடு இந்தியப் பதிவு செய்யலாம். அதுவரை பேரனுக்குப் பாஸ்போர்ட் இருக்காது. பட்டுக்கோட்டைக்குக் கூட்டிவர முடியாது. சம்பந்தியம்மாளிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மாப்பிள்ளை சிங்கப்பூரில் பிறந்த குடிமகன். மகள் இந்தியர். தலைப்பிரசவம் என்று கும்பகோணத்துக்கு அழைத்து வந்தோம், ஆண் குழந்தை. சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட் எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடுமா? இரண்டும் வைத்துக்கொள்ள முடியாதா?
– ஒரு தாத்தா, கும்பகோணம்

பதில்: தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்ததால் உங்கள் பேரன் பிறவியிலேயே இந்தியன். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இங்கே பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராகவும், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருந்தால் போதும். இரண்டு பாஸ்போர்ட் கூடாது. சிங்கப்பூர்ச் சட்டம் 21 வயதுவரை பொறுத்துக்கொள்ளும், இந்தியா பொறுக்காது. சிங்கப்பூர்தான் என்று முடிவானால் ஓராண்டுக்குள் அங்கே பதியச் சொல்லுங்கள். அந்தப் புதுப் பாஸ்போர்ட்டில் இந்திய விசா இருக்காது என்பதால், விமானம் ஏற வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். பிறகு, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை எடுக்கலாம். வோட்டு இல்லை, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. உங்கள் நஞ்சை வாரிசாக வந்தால் தடையில்லை. ஆண் பிள்ளை, ஆகவே இரண்டாண்டு தேசிய சேவை உண்டு. பாட்டியிடம் இதை யாராவது சொன்னீர்களா?

எல்லாவற்றுக்கும் முன்னால் பிறப்புச் சான்றிதழில் பெயரைச் சேருங்கள். இனிஷியலா, தகப்பன் முழுப்பெயரா என்பதை இன்றே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: அப்பா ராமநாதபுரத்துக்காரர். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து 1990-இல் படகில் வந்தவர். நான் 1998-இல் பிறந்தேன், தங்கை 2010-இல். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். இருவரும் இந்தியரா?
– ஒரு வாசகி, கும்மிடிப்பூண்டி

பதில்: நீங்கள் இந்தியர். 1987 ஜூலை 1-க்கும் 2004 டிசம்பர் 3-க்கும் நடுவே பிறந்தவருக்குத் தாய் தந்தையில் ஒருவர் இந்தியராக இருந்தாலே போதும். அதற்கும் முன்பு அதுகூடத் தேவையில்லை. மண்டபம் முகாமில் 1986-இல் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தர உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது.

தங்கை 2004-க்குப் பிறகு பிறந்தவள்; அவளுக்கு அந்தக் கதவு இல்லை. அம்மா பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர்; சட்டத்தின் பார்வையில் சட்டவிரோதக் குடியேறி. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே வீடு. எழுதும்போதே எனக்குக் கூசுகிறது. குடியுரிமைச் சட்டம் 5(4) பிரிவின்படி, சிறப்புச் சூழ்நிலையில் எந்த மைனரையும் மத்திய அரசு பதிவு செய்யலாம். 18 ஆவதற்குள் மனு போடுங்கள். அப்பாவின் பள்ளிச் சான்றிதழ், பழைய வாக்காளர் பட்டியல் நகல், இருவரின் பிறப்புச் சான்றிதழ்கள் வேண்டும். நீங்கள் உங்கள் பாஸ்போர்ட்டுக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். உங்கள் தாள்களையும் தங்கையின் மனுவையும் ஒரே கோப்பில் கட்ட வேண்டாம்.