பகலில் வீட்டில் இருப்பவர் யார்?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்து பின்னர் தாமானாக, அதாவது குடியிருப்புப் பகுதியாக, மாறிய இடத்தில், ஒரு வரிசை வீட்டில் வசிக்கிறோம். கணவருக்கு ஈப்போவில் தொழிற்சாலை வேலை. எனக்கு இங்கேயே அலுவலக வேலை. பன்னிரண்டு வயதில் மகனும் எட்டு வயதில் மகளும் இருக்கிறார்கள். நாங்கள் நால்வரும் காலை ஆறரைக்குக் கிளம்பினால் மாலையில்தான் திரும்புகிறோம். எழுபத்தொரு வயதான மாமியார் வீட்டில் இருப்பார்.

சென்ற மாதம் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் திருடர்கள் புகுந்தார்கள். அன்றிலிருந்து நாய் வளர்க்க வேண்டும் என்கிறார் கணவர். பிள்ளைகளோ ஓராண்டாகவே கெஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். கணவரின் நண்பர் வீட்டில் ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டிகள் பிறந்து ஆறு வாரமாகிறது. ஒன்றை இலவசமாகவே தருகிறேன் என்கிறார். எனக்குத்தான் தயக்கம். இடப்பக்கத்து வீட்டில் ஒரு மலாய்க் குடும்பம். பதினோரு ஆண்டுகளாக உறவினரைப் போலப் பழகி வருகிறோம். இரண்டு ஆண்டுகளில் கணவருக்கு ஜொகூர் பாருவுக்கு மாற்றல் வரவும் கூடும். மாமியார் எதற்கும் ஒன்றும் சொல்ல மாட்டார். நாய் வளர்ப்பதன் நன்மை தீமைகளை எடுத்துச் சொன்னீர்கள் என்றால் முடிவெடுக்க உதவியாக இருக்கும். பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் இரண்டு முறையும் திருடர்களையும் பிள்ளைகளையும் பக்கத்து வீட்டையும் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறைதான் "மாமியார் எதற்கும் ஒன்றும் சொல்ல மாட்டார்" என்ற வரியில் கண் நின்றது. நாயை வாங்குவது உங்கள் கணவராக இருக்கலாம், கெஞ்சியது பிள்ளைகளாக இருக்கலாம். ஆனால் காலை ஆறரைக்குப் பிறகு அதற்குத் தண்ணீர் வைக்கப்போகிறவரும், அது கழித்ததை அள்ளிப் போடப்போகிறவரும், அது குரைத்தால் சன்னலைத் திறந்து பார்க்கப்போகிறவரும் அவர்தான். அவரிடம் கேட்டீர்களா என்பது கடிதத்தில் இல்லை.

முதலில் அந்தக் குட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்குத் தயக்கம் ஏதும் இல்லை: வேண்டாம். ஜெர்மன் ஷெப்பர்ட் மந்தை மேய்ப்பதற்காக உருவாக்கப்பட்ட இனம். நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத ஓட்டமும், மூளைக்கு ஏதாவது வேலையும் அதற்கு வேண்டும். இரட்டை அடுக்கு ரோமத்தோடு நம் ஊர் வெயிலில், கார் நிறுத்தும் இடத்தின் சிமெண்டுத் தரையில் சங்கிலியில் கிடந்தால் அது காவல் காக்காது. கதவைப் பிறாண்டும், செருப்பைக் கடிக்கும், போகிற வருகிற எல்லாரையும் பார்த்துக் குரைத்துக் குரைத்து எந்தக் குரைப்புக்கும் மதிப்பில்லாமல் செய்துவிடும். முழு வளர்ச்சியில் முப்பது கிலோவைத் தாண்டக்கூடிய அந்த உடம்பு அன்பினாலேயே தாவினாலும் எழுபத்தொரு வயதுக்காரர் கீழே விழுவார், அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ரோட்வைலர், டாபர்மேன் ஆகியவற்றோடு இந்த இனத்தையும் மலேசியக் கால்நடைச் சேவைத் துறை கட்டுப்பாட்டுக்குரிய இனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது என்பதும் உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இலவசம் என்ற சொல்லையும் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம். அந்த அளவுள்ள நாய் ஒரு நாளைக்கு நானூறு கிராம் அளவுக்கு உலர் தீனி தின்னும். மாதத்துக்குப் பன்னிரண்டு கிலோ. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை தடுப்பூசி போட வேண்டும். அது முடியும் முன் தெருவில் இறக்கினால் பார்வோ என்னும் வைரஸ் தொற்றலாம்; மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கக்கூடிய அந்தக் கிருமி இரத்தக் கழிச்சலில் குட்டியை இரண்டே நாளில் கொண்டுபோய்விடும். ஆறு மாதத்துக்கு மேல் கருத்தடை. குட்டிப் பருவத்திலேயே தொடங்கி வாழ்நாள் முழுவதும், மாதந்தவறாமல், இதயப்புழுவுக்கான மாத்திரை. கொசு கடித்துப் பரவும் இந்தப் புழு நாயின் நுரையீரல் குழாய்களிலும் இதயத்திலும் ஒரு சாண் நீளத்துக்கு மேல் வளரும். கொசு இல்லாத மாதம் என்று ஒன்று நம் நாட்டில் இல்லாததால் விடுமுறையும் இல்லை.

தோட்டத்தில் யார் இதையெல்லாம் பார்த்தார்கள் என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்கக்கூடும். நானும் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன்தான். அங்கே வீட்டுக்கு வீடு நாய் இருந்தது உண்மை. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குமுன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போகிறவர்களோடு போய், பால் மரத்தடியில் படுத்திருந்து, வாளி தூக்கித் திரும்புகிறவர்களோடு திரும்பின. ஆனால் அவற்றில் எத்தனை நாய்கள் நான்காவது தீபாவளியைப் பார்த்தன என்று கணக்கெடுத்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும். உண்ணிக் காய்ச்சலில் மூக்கில் இரத்தம் வழிந்து செத்ததை நாங்கள் 'சூடு' என்றோம். செம்பனைக் காட்டில் எலிக்கு வைக்கும் மருந்து இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் வகை. அதைத் தின்ற எலியைத் தின்ற நாய் சுருண்டு படுத்தால் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றோம். உங்கள் தாமானின் பின்வேலிக்கு அப்பால் இன்னும் செம்பனை இருந்தால் அந்த எலியும், அதைத் தேடி வரும் பாம்பும் உங்களுக்கும் உண்டு. நம் பக்கத்து நாகம் கண்ணைப் பார்த்து நஞ்சைப் பீய்ச்சக்கூடியது. வேலிக்குள் தலையை விட்டுக் குரைக்கிற நாயின் கண்ணில்தான் அந்த நஞ்சு முதலில் படும்.

உண்ணியைப் பற்றி இன்னும் இரண்டு வரி எழுத வேண்டும், ஏனென்றால் நாய் வைத்திருக்கும் குடும்பங்களில் சண்டை வருவது பெரும்பாலும் அதனால்தான். உண்ணி நாயின் மேலேயே குடியிருப்பதில்லை. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கதவு நிலையின் இடுக்கிலும் ஏறி, ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயைக் குளிப்பாட்டிவிட்டோமே என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும்போது சாமி அறைச் சுவரில் மிளகு போல ஏதோ நகரும். மாதாந்தர மருந்தைத் தள்ளிப்போடாமல் கொடுக்கும் வீட்டில் இந்த நிலை வராது. தள்ளிப்போடாத வீடு உங்களுடையதா என்பதை நீங்களே அறிவீர்கள். பிள்ளைகளின் பள்ளிப் பேருந்துக் கட்டணம் எந்தத் தேதியில் கட்டப்படுகிறது என்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பக்கத்து வீட்டைப் பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது. நம் நாட்டு முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபிஈ மரபில், நாயின் எச்சிலோ ஈரமான உடம்போ பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அவற்றில் ஒரு முறை மண் கலந்த நீரால். நாயை வெறுக்கிறார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் இருவருக்கும் பொதுவான தாழ்ந்த சுவர் வழியே உங்கள் நாய் தலையை நீட்டி, அங்கே காயும் தொழுகைத் துணியை நக்கிவிட்டால், அதைச் சரிசெய்யும் பாடு அந்த வீட்டு அம்மாவுக்கு. கழிவுநீர் ஓடும் வாய்க்கால் அவர்கள் வாசலைக் கடந்துதான் போகும் என்றால், நாயைக் குளிப்பாட்டும் இடத்தைப் பின்புறம் வைத்துக்கொள்ள வேண்டும். நாய் வந்த பிறகு மன்னிப்புக் கேட்பதைவிட, வருவதற்கு முன்னால் நீங்களே போய் ஒரு வார்த்தை சொல்லி, சுவருக்கு மேல் கம்பி வலை அடிக்கப்போகிறோம் என்று தெரிவிப்பது பதினோரு ஆண்டுப் பழக்கத்துக்கு ஏற்ற மரியாதை. ஊராட்சி மன்றத்தில் உரிமமும் எடுக்க வேண்டும். எந்த வகை வீட்டில் எத்தனை நாய் என்பது அந்தந்த மன்றத்தின் துணைச் சட்டம். அண்டை வீட்டாரின் சம்மதத்தை எழுத்தில் கேட்கும் மன்றங்களும் உண்டு.

திருடர்களுக்காக என்றால், உங்களுக்கு வேண்டியது குரைப்பு மட்டுமே. பதினைந்து கிலோ எடையுள்ள நம்மூர் நாய் அதை ஜெர்மன் ஷெப்பர்டைவிடக் குறைவாகச் செய்யாது. ஆனால் காவலுக்கு மட்டும் என்று ஓர் உயிரைக் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடில்லை. நல்ல கிரில் கதவும், ஆள் நடமாட்டம் பட்டால் எரியும் விளக்கும் அந்த வேலையைச் செய்துவிடும். அவற்றுக்கு உண்ணி பிடிக்காது, பட்டாசுச் சத்தத்தில் மிரண்டு ஓடவும் ஓடாது. சீனப் புத்தாண்டு, ஹரி ராயா, தீபாவளி என்று வெடிச் சத்தம் நம் ஊரில் ஆண்டுக்கு மூன்று பருவம்; ஒவ்வொரு பருவத்திலும் தெருவில் திரியும் பழக்கமில்லாத நாய்களைப் பாருங்கள், கழுத்தில் பட்டையோடு இருக்கும். பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரும் என்ற வாதத்தையும் நான் ஏற்பதில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு மாதம் மிகுந்த பொறுப்போடு இருப்பான். அடுத்து வரும் இடைநிலைப் பள்ளியும் டியூஷனும் அவனை எடுத்துக்கொள்ளும். நாய் சராசரியாகப் பத்து முதல் பதின்மூன்று ஆண்டு வாழும். அப்போது உங்கள் மகனுக்கு இருபத்திரண்டு முதல் இருபத்தைந்து வயது இருக்கும். அவன் எந்த ஊரில் இருப்பான்?

இங்கேதான் ஜொகூர் பாருவுக்கு வருகிறேன். நாங்கள் இருந்த தோட்டம் கைமாறியபோது எனக்குப் பதினான்கு வயது. லயத்தைக் காலிசெய்யச் சொல்லி, மலிவு விலை வீட்டுக்குப் போனோம். எங்களிடம் மணி என்ற செவலை நாய் இருந்தது. பெயருக்கு அது அப்பாவின் நாய். பன்றி வேட்டைக்கு அழைத்துப் போவார். பகலெல்லாம் அது பாட்டியின் காலடியில் கிடக்கும். லாரியில் சாமான் ஏற்றியபோது, "புது வீட்டுல எடமில்ல, இங்கயே நாலு பேரு சோறு போடுவாங்க" என்று அப்பா முடிவு செய்தார். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அவரும் எதற்கும் ஒன்றும் சொல்லாதவர். மணி பாலம் வரை லாரியின் பின்னால் ஓடி வந்து நின்றது. மூன்று வாரம் கழித்து அப்பாவுக்கே மனம் கேட்காமல், என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். லயத்தின் கூரைத் தகரங்களையும் கதவுகளையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். எங்கள் வீட்டின் ஐந்தடியில், அதாவது முன் நடையில், கதவு இருந்த இடத்துக்கு நேரே, மண்ணைப் பறித்துப் பள்ளமாக்கி அதில் சுருண்டு கிடந்தது. காது முழுக்க உண்ணி. கயிறு போட்டு அழைத்து வந்தோம். மறுநாளே அறுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டது. அடுத்த முறை போனபோது அங்கே மண் தள்ளும் இயந்திரம் நின்றது, நாய் இல்லை.

வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் பாட்டி பல மாதங்கள் வரை மதியச் சோறு வடித்ததும் ஒரு கரண்டியைத் தனியே எடுத்துத் தகரத் தட்டில் போட்டுவிட்டு, சற்று நின்று, அதைத் திரும்பப் பானையிலேயே போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே வரிசையாக அல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மாற்றல் வந்தால் நாயும் உங்களோடு வர வேண்டும். அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் நாய்க்கு அனுமதி கிடையாது, வாடகை வீட்டுக்காரர்களும் எளிதில் ஒப்ப மாட்டார்கள். உணவும் நீரும் இருப்பிடமும் தர வேண்டியது உரிமையாளரின் கடமை என்று 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் சொல்கிறது. கொடுமைப்படுத்தினால் அபராதம் 20,000 வெள்ளி (ரிங்கிட்) முதல் 100,000 வெள்ளி வரை, அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். என் அப்பா காலத்தில் அந்தச் சட்டம் இல்லை. மாற்றல் உண்டா இல்லையா என்று தெரியும் வரை எந்த நாயும் வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆனால் மாற்றல் இல்லை என்றாகிவிட்டால், உங்கள் கடிதத்தில் நாய்க்குச் சார்பாக இருக்கும் வலுவான காரணம் ஒன்றே ஒன்றுதான், அதை நீங்கள் காரணமாக எழுதவே இல்லை: எழுபத்தொரு வயதில் ஒருவர் காலை ஆறரை முதல் மாலை வரை பேச்சுத் துணையின்றித் தனியே இருக்கிறார். ஒரு நாய் காலடியில் கிடந்தால் அந்தப் பகல் வேறு மாதிரி இருக்கும். அவருக்கு அது விருப்பமா, அல்லது தோட்டத்தில் வளர்த்ததே போதும் என்று இருக்கிறாரா என்பதை, கணவரும் பிள்ளைகளும் இல்லாத நேரத்தில், நீங்கள் கேளுங்கள். 'உங்கள் இஷ்டம்' என்று பதில் வந்தால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் விரும்பினால், குட்டி வேண்டாம். இரண்டு மூன்று வயதான, கருத்தடை செய்த, குணம் தெரிந்த நம்மூர் நாயாகப் பாருங்கள். ஈப்போவில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகத்தில் அப்படிப்பட்டவை கிடைக்கும். மாமியாரையே அழைத்துப் போய், எது அவர் அருகில் வந்து அமைதியாக உட்காருகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வெங்காயம் சேர்ந்த குழம்பை ஊற்றிச் சோறு போடக் கூடாது என்பதை மட்டும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும், நம் பாட்டிமார்களுக்கு அதை நம்புவது கடினம்.

குட்டி தருவதாகச் சொன்ன நண்பரிடம் இந்த வாரமே மறுப்பைச் சொல்லிவிடுங்கள். எட்டு வாரம் ஆவதற்குள் அதற்கு ஓடியாட இடமுள்ள ஒரு வீட்டைத் தேட அவருக்கு நாள் வேண்டும்.