எதிரணிப் பலன்: பாஸ்டன் லாத்தா பதில்கள்

2026 அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் சீசனுக்கு எதிரணிப் பலன், அதாவது எதிரணி ரசிகை பார்வையில் அணிகளின் பலன், எழுதப்போகிறேன், கேள்விகளை அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். புது வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நான் கீழக்கரைக்காரி (அங்கே லாத்தா என்றால் அக்கா, காக்கா என்றால் அண்ணன்), பாஸ்டனில் குடும்பம் நடத்தியவள், அந்த ஊர் அணியான ரெட் சாக்ஸ் கட்சி. மற்ற 29 அணிகளும் எனக்கு எதிரணிதான். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: ஓர் அணியின் பலனை அந்த அணியின் ரசிகர் எழுதினால்தானே சரியாக இருக்கும்? எதிரணி ரசிகர் எழுதினால் வயிற்றெரிச்சல்தானே வரும்?
(வாசகர், ராமநாதபுரம்)

வயிற்றெரிச்சல் வரத்தான் செய்யும். ஆனாலும், மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று அவனைப் பெற்றவளிடமா விசாரிக்கிறோம்? பக்கத்து வீட்டில்தானே கேட்கிறோம்! சொந்த அணி ரசிகர் மார்ச் மாதத்தில் எழுதுவதைப் படித்துப் பாருங்கள். காயம்பட்ட பிட்சர் (பந்து எறிபவர்) எல்லாம் தேறியிருப்பார், இளம் பையன்கள் எல்லாம் கலக்கப்போவார்கள். எதிரணி ரசிகருக்கு அந்தப் பாசம் இல்லை. ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். அதில் ஒரே டிவிஷனில் (ஐந்து அணிக் குழுவில்) இருக்கும் ஒவ்வோர் அணியோடும் 13 முறை மோத வேண்டும். 13 முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கிறவருக்கு, எந்த பிட்சர் ஆறாவது இன்னிங்ஸில் தளர்வார், எந்த ஃபீல்டர் அவசரத்தில் தப்பாக எறிவார் என்பதெல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். வெறுப்போடு பார்த்தாலும் உற்றுப் பார்க்கிறோம். அதனால்தான் எதிரணிப் பலனுக்கு மதிப்பு என்கிறேன்.

கேள்வி: நியூயார்க்கில் வேலை பார்க்கும் என் மகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். யாங்கீஸ் தொப்பியைக் கழற்ற மாட்டேன் என்கிறான். இந்த வருடம் அவர்கள் ஜெயிப்பார்களா, லாத்தா?
(வாசகர், கீழக்கரை)

மாட்டார்கள், காக்கா. பலனை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் யாங்கீஸ் எல்லோரையும் அடித்து நொறுக்கும். மே மாதம் அவர்கள் ரசிகர்கள் 28வது கோப்பையை எங்கே வைக்கலாம் என்று பேச ஆரம்பிப்பார்கள். ஜூன், ஜூலையில் ஒரு சரிவு வரும். ஆகஸ்டில் எழுந்து, தட்டுத்தடுமாறி அக்டோபர் நாக்அவுட் சுற்றுகளுக்குள் நுழைந்து, அங்கே யாரிடமாவது தோற்று வீட்டுக்குப் போவார்கள்.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. 27 கோப்பை வாங்கிய அணிதான், வேறு எந்த அணியும் கிட்டவே வர முடியாது. ஆனால் கடைசிக் கோப்பை 2009-ல் வந்தது. 2024 வேர்ல்டு சீரிஸில், அதாவது இறுதித் தொடரில், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸோடு ஆடிய ஐந்தாவது ஆட்டத்தை உங்கள் மகனுக்கு நினைவூட்டுங்கள். சொந்த மைதானம், யாங்கீஸ் 5-0 என்று முன்னிலை. ஐந்தாவது இன்னிங்ஸ். ஆரோன் ஜட்ஜ் கைக்கு நேராக வந்த பந்தைத் தவறவிட்டார். அடுத்து வோல்பி மூன்றாம் பேஸுக்கு (பேஸ் என்றால் ஓடுபவர் தொட்டு நிற்கும் இடம்) எறிந்த பந்து தரையில் குத்தி ஓடியது. அப்போதும் யாங்கீஸ் பிட்சர் கெரிட் கோல் அசரவில்லை, ஓட்டானி உட்பட இரண்டு பேரை வரிசையாக வெளியேற்றினார். மூன்றாவதாக மூக்கி பெட்ஸ் தட்டிய பந்து முதல் பேஸ் பக்கம் உருண்டது. பிட்சர் ஓடிப் போய் அந்த பேஸை மிதித்தால் இன்னிங்ஸ் முடிந்தது. கோல் ஓடவில்லை, நின்றுவிட்டார். பள்ளிக்கூடப் பையன்களுக்கு முதல் வாரம் சொல்லிக்கொடுக்கும் வேலை அது! அந்த ஓர் இன்னிங்ஸிலேயே டாட்ஜர்ஸ் ஐந்து ரன் எடுத்து சமன் செய்தது, கடைசியில் 7-6 என்று ஆட்டத்தையும் கோப்பையையும் கொண்டுபோனது.

இது ஒரு நாள் கெட்ட நேரம் என்று மகன் சொல்வான். இல்லை. பலத்தால் ஹோம் ரன் அடித்து ஜெயிக்கிற அணி அது. பேஸ் ஓடுவது, பந்தைச் சரியாக எறிவது மாதிரி சின்ன வேலைகளில் கோட்டைவிடும், அக்டோபரில் அந்தச் சின்ன வேலைகள்தான் ஆட்டத்தை முடிவு செய்யும். ஜட்ஜ் பெரிய ஆட்டக்காரர். 2022-ல் 62 ஹோம் ரன், 2025-ல் 53. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மற்றவர்கள் அவர் நிழலில் நிற்கிறார்கள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: 2025-ல் வைல்டு கார்டு எனும் முதல் நாக்அவுட் சுற்றில் எங்களை 2-1 என்று வெளியேற்றியதும் இதே யாங்கீஸ்தான். அதற்கடுத்த சுற்றிலேயே டொராண்டோவிடம் அவர்கள் தோற்றபோது எங்கள் வீட்டில் வட்டலப்பம் செய்தேன்.

கேள்வி: என் அண்ணன் குடும்பம் டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் இருக்கிறது. 2025 இறுதி ஆட்டம் முடிந்ததும் வீடியோ காலில் எல்லோரும் அழுதார்கள். ப்ளூ ஜேஸ் மறுபடி வருமா, அக்கா?
(வாசகி, மண்டபம் முகாம்)

வரும், தங்கச்சி. எனக்குப் பிடிக்காத பதில், ஆனாலும் வரும்.

அந்த ஆட்டத்தை நானும் பார்த்தேன், நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. டாட்ஜர்ஸோடு ஏழாவது ஆட்டம், கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் டொராண்டோ 4-3 என்று முன்னிலை, இன்னும் இரண்டே அவுட் எடுத்தால் 1993-க்குப் பிறகு முதல் கோப்பை. ஹோம் ரன்னுக்குப் பேர்போகாத டாட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸ் அடித்தார் பாருங்கள் ஒரு ஹோம் ரன், 4-4. அதே இன்னிங்ஸின் கீழ்ப்பாதியில் மூன்று பேஸிலும் டொராண்டோ ஆட்கள், ஒரே ஒரு அவுட். தரையோடு வந்த பந்தை எடுத்து அதே ரோஹாஸ், ரன் முடியும் இடமான ஹோமுக்கு எறிந்தார். மூன்றாம் பேஸிலிருந்து அங்கே ஓடி வந்த டொராண்டோவின் கைனர்-ஃபலேஃபா மயிரிழையில் அவுட். மூன்றாம் பேஸை விட்டு இன்னும் இரண்டடி தள்ளி நின்றிருந்தால் ஊரே தெருவுக்கு வந்திருக்கும். ஆட்டம் நீண்டு, பதினோராவதில் டாட்ஜர்ஸின் வில் ஸ்மித்தின் ஹோம் ரன், கடைசியில் ஒரு டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்), டாட்ஜர்ஸுக்கு 5-4.

அண்ணனிடம் சொல்லுங்கள்: அந்த இரண்டடியை நான் வருடம் பூராவும் பேசுவேன். எதிரணி ரசிகையின் உரிமை அது. ஆனால் ஸ்ட்ரைக் அவுட் ஆகாமல் பந்தைத் தட்டித் தட்டி எதிரி பிட்சரைக் களைப்பாக்கும் அந்த ஆட்டம் நீடிக்கும் ஆட்டம். விளாடிமிர் கெரேரோ ஜூனியரை 14 வருடத்துக்கு, 50 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கிறார்கள். என் பலன்: டிவிஷனில் இரண்டாம் இடம். முதலிடம் யாருக்கு என்று கேட்கவே வேண்டாம்.

கேள்வி: டாட்ஜர்ஸ் பணத்தைக் கொட்டி ஜெயிக்கிறது. இது விளையாட்டா, வியாபாரமா?
(வாசகர், தொண்டி)

இரண்டும்தான். ஓட்டானிக்கு 10 வருடத்துக்கு 70 கோடி டாலர். அதில் 68 கோடியை ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு, 2034 முதல் 2043 வரை தருவதாக எழுதியிருக்கிறார்கள். இப்போது வருடத்துக்கு 20 லட்சம்தான். விதி அனுமதிக்கிறது, அதனால் ஏமாற்று என்று எழுத மாட்டேன். விதியை மாற்ற வேண்டும் என்று எழுதுவேன்.

டாட்ஜர்ஸ் தோற்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். தோற்கும் என்று என்னால் எழுத முடியவில்லை. 2024, 2025 இரண்டு வருடமும் கோப்பை அவர்களுடையது. அவர்களுடைய மேனேஜர் டேவ் ராபர்ட்ஸை மட்டும் என்னால் எதிரியாக நினைக்கவே முடியாது. 2004-ல் அவர் எங்கள் ஆட்டக்காரர். ஏழு ஆட்டத் தொடரில் யாங்கீஸிடம் மூன்று ஆட்டம் தோற்று, நான்காவதிலும் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு ரன் பின்தங்கி நின்றோம். மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும் அவர் ஓடப்போகிறார் என்று. யாங்கீஸ் பிட்சர் மரியானோ ரிவேராவுக்கு எதிராகவே இரண்டாம் பேஸைத் திருடினார், அதாவது பந்து அடிபடும் முன்பே ஓடிப் பிடித்தார், அந்த மனுஷன். அங்கிருந்து தொடர்ந்து நான்கு ஆட்டம் ஜெயித்தோம். 0-3 என்று பின்தங்கி அப்படி எழுந்த அணி மேஜர் லீகில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 1918-க்குப் பிறகு முதல் கோப்பையும் அந்த வருடம்தான் வந்தது.

கேள்வி: டாம்பா பே ரேஸ் மைதானத்தின் கூரையைப் புயல் கொண்டுபோய்விட்டதாமே? அவர்களுக்கு என்ன நக்கல் எழுதப்போகிறீர்கள்?
(வாசகர், பாம்பன்)

அதைப் பற்றி எதுவும் எழுத மாட்டேன், தம்பி. 2024 அக்டோபரில் மில்டன் புயல் அந்தத் துணிக்கூரையைக் கிழித்தெறிந்தது. அடுத்த சீசனை அவர்கள் யாங்கீஸின் பயிற்சி மைதானத்தில் ஆடினார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை இழந்த கரையில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவர் கூரை போனதை வைத்து நான் சிரிக்க முடியாது. ஆட்டத்தைக் கேட்டால் சொல்கிறேன்: நல்ல பிட்சரை வளர்ப்பார்கள், சம்பளம் ஏறியதும் விற்பார்கள், நான்காம் இடம்.

கேள்வி: இருப்பதிலேயே மோசமான அணி எது?
(வாசகர், தேவிபட்டினம்)

2024-ல் சிகாகோ வைட் சாக்ஸ், 121 தோல்வி. 1962 மெட்ஸின் 120-ஐயும் தாண்டிவிட்டது. 2025-ல் கொலராடோ ராக்கீஸ், 119. இந்த வருடமும் ராக்கீஸ்தான்.

கேள்வி: எங்கள் ஊர் டென்னிஸ் பால் டோர்னமெண்டுக்கு உங்களைப் பார்த்து நானும் எதிரணிப் பலன் எழுதி வாட்ஸ்அப்பில் போட்டேன். கைகலப்பு வரை போய்விட்டது. எங்கே தப்பு, லாத்தா?
(வாசகர், ஏர்வாடி)

நீங்கள் அனுப்பியதை இரண்டு முறை படித்தேன். எதிரணி கேப்டனின் அப்பா கடனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் தெருவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். காலில் அடிபட்ட பையனை நொண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். கிரிக்கெட் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லையே, தம்பி!

நான் வைத்திருக்கும் கணக்கு இது. ஆட்டத்தில் நடந்ததை மட்டும் தொடலாம்: விட்ட கேட்ச், போட்ட வைடு, கடைசி ஓவரில் நடுங்கிய கை. சாதி, மதம், வீடு, காயம் எதையும் தொடக் கூடாது. நம் மாவட்டத்தில் அதையெல்லாம் தொட்டால் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். அப்புறம், எதிரணியின் நல்ல ஆட்டக்காரர் ஒருவரையாவது பெயர் சொல்லிப் புகழ வேண்டும். அப்போதுதான் மீதி நக்கலை அவர்களே படித்துச் சிரிப்பார்கள். கோல் முதல் பேஸுக்கு ஓடவில்லை என்று எழுதும் நான், அதற்கு முன் அவர் ஓட்டானியை வெளியேற்றியதையும் எழுதினேன், கவனித்தீர்களா? முதலில் அந்தப் பையன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள். அதன் பிறகு புதிதாக ஒன்று எழுதி எனக்கு அனுப்புங்கள், போடுவதற்கு முன் பார்த்துத் தருகிறேன்.

கேள்வி: எல்லோருக்கும் பலன் சொல்கிறீர்கள், ரெட் சாக்ஸுக்கு மட்டும் ஏன் சொல்வதில்லை?
(வாசகி, தங்கச்சிமடம்)

என் அணிக்கு நான் எழுதினால் அது பெற்றவள் பேச்சு. அதனால் நியூஜெர்சியில் இருக்கும் என் தம்பியிடம் கேட்டு வாங்கினேன், அவன் யாங்கீஸ் வெறியன். அவன் எழுதியது அப்படியே: "2020-ல் மூக்கி பெட்ஸை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தீர்கள், அவர் அங்கே போய் மூன்று கோப்பை வாங்கிவிட்டார். 2025 ஜூனில் உங்கள் முக்கிய அடிப்பவர் டெவர்ஸை ஜயன்ட்ஸுக்கு அனுப்பினீர்கள். அடுத்து யாரை அனுப்பப்போகிறீர்கள் என்று உங்கள் ரசிகர்கள்தான் பயப்பட வேண்டும். மூன்றாம் இடம்."

இதில் இடத்தைத் தவிர எல்லாம் உண்மை. படிக்கும்போது எரிந்தது, ஆனால் எங்கள் ரசிகர்கள் ஒருவரும் இவ்வளவு சுருக்கமாக எழுதியதில்லை.

கேள்வி: ஏப்ரல் 15-லிருந்து மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகைக் கட்டிவிட்டு ஜூன் 14 வரை சும்மா இருப்போம். புதிதாக பேஸ்பால் பார்க்க ஆசை. எந்த அணியைப் பிடிக்கலாம், அக்கா?
(வாசகர், ராமேஸ்வரம்)

பாஸ்டன் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் பாஸ்டனில் இரவு ஆட்டம் நமக்கு விடியற்காலை நாலு மணிக்கு மேல் தொடங்கும். எனக்கு சுபுஹு தொழுகைக்கு எழுவதால் பழக்கம். வருடம் முழுக்கத் தூக்கம் கெட்ட உங்களை இந்த இரண்டு மாதமும் அந்த நேரத்துக்கு எழுப்ப மனசு வரவில்லை.

சியாட்டில் மரைனர்ஸைப் பிடியுங்கள். அவர்கள் ஊர் ஆட்டம் நமக்குக் காலை ஏழரைக்குப் பக்கமாக வரும், டீயோடு பார்க்கலாம். 1977-ல் வந்த அணி, இதுவரை வேர்ல்டு சீரிஸை எட்டிப் பார்க்காத ஒரே அணி. 2001-ல் 116 ஆட்டம் ஜெயித்தும் போகவில்லை. 2025-ல் கேல் ராலி என்ற கேட்சர் 60 ஹோம் ரன் அடித்தார். நாள் முழுக்க முட்டி மடக்கி உட்கார்ந்து பந்து பிடிக்கிற ஆள் அடித்த 60 அது! வேர்ல்டு சீரிஸுக்கு முந்தின சுற்றில் ஏழாவது ஆட்டம் வரை போய், ஸ்ப்ரிங்கர் அடித்த ஒரு ஹோம் ரன்னில் டொராண்டோவிடம் 4-3 என்று தோற்றார்கள்.

இந்த வருடம் அவர்கள் போவார்கள் என்பது என் பலன். வழியில் பாஸ்டன் குறுக்கே வந்தால் அந்த வாரம் மட்டும் நீங்களும் எனக்கு எதிரணிதான், தம்பி.