ஒரே வௌவால் இனத்தில் எத்தனை வைரஸ்கள் இருக்கக்கூடும்? அவற்றின் மரபணுக்கள் ஏன் வேறுபடுகின்றன?

வங்கதேசத்துப் பழந்தின்னி வௌவால்களைப் பற்றி 2013-இல் வெளியான ஆய்வு, அந்த ஓர் இனத்திலேயே ஒன்பது குடும்பங்களைச் சேர்ந்த 55 வைரஸ்களைக் கண்டறிந்தது. ஆனால் எண்ணிக்கையைவிட, ஒரே வைரஸுக்குள் காணப்படும் வேறுபாடுதான் கவனிக்கத்தக்கது என்பேன்.

வௌவால்களிடமிருந்து பரவும் நிபா வைரஸை எடுத்துக்கொண்டால், 1998-99-இல் மலேசியாவில் பன்றிகள் வழியாக மனிதரைத் தாக்கிய வகைக்கும், வங்கதேசத்தில் காய்ச்சாத ஈச்சஞ்சாறு வழியாகத் தொற்றும் வகைக்கும் மரபணுத்தொடரில் ஏறத்தாழ 8 விழுக்காடு வேறுபாடு உண்டு. நிபாவைப் போல ஆர்.என்.ஏ.வை மரபணுப் பொருளாகக் கொண்ட வைரஸ்களில் பெரும்பாலானவை (கொரோனா வைரஸ்கள் விதிவிலக்கு) நகலெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்துவதில்லை. ஆகவே தொலைதூர வௌவால் கூட்டங்களில் அவை தனித்தனியே மாறிக்கொண்டே போகின்றன.

மலேசிய நோயாளிகளிடம் கிடைத்த வைரஸ்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க, வங்கதேசத்தில் அவை தமக்குள் வேறுபட்டிருப்பது, அங்கு வௌவால்களிடமிருந்து மனிதருக்குப் பலமுறை தனித்தனியாகத் தொற்றியதைக் காட்டுகிறது.