உலகப் போர் வந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும்?

"உலகப் போர் மூண்டால் நாடுகள் என்ன ஆகும்? சண்டைக்கே போகாமல் வீட்டில் இருப்பவர்கள் பாடு என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போர் என்றதும் குண்டு விழுவதைத்தான் நினைக்கிறோம். குண்டே விழாத வீட்டுக்கும் போர் வரும். அடுப்படி வழியாக வரும், சம்பளத்தின் வழியாக வரும். வந்தது லேசில் வெளியே போகாது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

1943-இல் வங்காளத்தில் நடந்ததைப் பாருங்கள். முந்தைய ஆண்டு ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. எதிரி கைக்குப் போய்விடக் கூடாதென்று, கடலோர மாவட்டங்களில் பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளை ஆங்கிலேய அரசு பறிமுதல் செய்தது, பலவற்றை உடைத்தும் போட்டது. ஆறும் வாய்க்காலுமாக இருக்கிற ஊரில் படகைப் பிடுங்கினால் என்ன மிஞ்சும்? மீனவர் வலை வீசப் போக முடியாது, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் முடியாது. போதாததற்கு 1942 அக்டோபரில் புயல் வேறு. போர்ச் செலவுக்காக அச்சடித்த பணம் விலையை ஏற்றிவிட்டது, கிடைத்த அரிசியும் பதுங்கிவிட்டது. கூலிக்காரர் கையில் இருந்த காசுக்கு ஒரு வேளைச் சோறு தேறவில்லை. இறந்தவர்கள் 30 லட்சம் வரை இருக்கும் என்கிறார்கள். சிறுவனாக இருந்தபோது அந்தப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென். உணவு குறைந்ததைவிட, அதை வாங்கும் சக்தி போனதுதான் மக்களைக் கொன்றது என்று பிற்பாடு அவர் வாதாடினார்.

பிரிட்டனில் கதை வேறு. 1940 ஜனவரியிலேயே ரேஷன் வந்துவிட்டது. ஆளுக்கு வாரத்துக்கு ஒரு முட்டை, 2 அவுன்ஸ் தேயிலை என்கிற கணக்கு. ஆனால் பணக்காரருக்கும் அதே அளவுதான் என்பதால் யாரும் பட்டினியால் சாகவில்லை. (ஒரே அரசுதான் இரண்டு இடத்தையும் ஆண்டது என்பதை மறக்க வேண்டாம்.) வேடிக்கை என்னவென்றால், போர் நடந்த வரைக்கும் அங்கே ரொட்டிக்கு ரேஷன் கிடையாது. ஜெயித்த பிறகு, 1946-இல்தான் வந்தது! இறைச்சிக்கான ரேஷன் 1954 ஜூலை வரை நீடித்தது.

வரியும் அப்படித்தான். 1917-இல் தற்காலிகம் என்று சொல்லி கனடா கொண்டுவந்த வருமான வரி இன்றும் இருக்கிறது. சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே வரியைப் பிடித்துக்கொள்ளும் முறையை அமெரிக்கா 1943-இல் பரவலாக்கியது, அடுத்த ஆண்டு பிரிட்டனும் செய்தது. 1914-க்கு முன் ஐரோப்பாவின் பல எல்லைகளைப் பாஸ்போர்ட் இல்லாமலே தாண்டலாம். உளவாளிப் பயத்தில் வந்த அந்தச் சின்னப் புத்தகத்தை அப்புறம் யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

எல்லாமே இப்படி ஒட்டிக்கொள்ளும் என்றும் சொல்ல முடியாது. முதல் உலகப் போரில் பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் வேலை செய்த பெண்களுக்கு டிஎன்டி என்கிற வெடிமருந்து பட்டுப் பட்டுத் தோலே மஞ்சளாகிப் போனது. மஞ்சள் நிறக் குருவியான கேனரியின் பெயரே அவர்களுக்குப் பட்டப்பெயர் ஆனது. போர் முடிந்ததும் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 1918-இல் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தபோதும் அது 30 வயது நிரம்பியவர்களுக்குத்தான், அதிலும் சொத்து நிபந்தனை உண்டு. ஆலையில் மஞ்சளான பலர் அந்த வயதைத் தொடாத இளம்பெண்கள்.

சரி, நாடுகளுக்கு வருவோம். முதல் போர் ரஷ்ய, ஜெர்மன், ஆஸ்திரிய-ஹங்கேரி, உதுமானியப் பேரரசுகள் நான்குக்கும் முடிவு கட்டியது. தோற்றவர்கள் அழிவது புரிகிறது. ஜெயித்தவர்கள்? இரண்டாம் போரில் வென்ற பிரிட்டன் 1946-இல் அமெரிக்காவிடமும் கனடாவிடமும் கடன் வாங்க வேண்டியிருந்தது. அதன் கடைசித் தவணையைக் கட்டியது 2006 டிசம்பர் இறுதியில். கடன் வாங்கிய ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது 60 வயது.