அமெரிக்காவில் நம் கடைக்குக் குடியேற்றத் துறை அதிகாரிகள் வந்தால் உள்ளே விட்டே ஆக வேண்டுமா?

வாடிக்கையாளர் வந்து போகும் பகுதிக்குள் வர ஐ.சி.இ. (குடியேற்ற, சுங்க அமலாக்கத் துறை) அதிகாரிகளுக்கு யார் அனுமதியும் தேவையில்லை. சமையலறை, கிடங்கு, அலுவலக அறை அப்படியல்ல. அங்கே நுழையப் பொதுவாக உங்கள் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் வேண்டும்.

பலர் ஏமாறுவது இங்கேதான். நீட்டும் தாளில் 'வாரண்ட்' என்றே இருக்கும். பதறாமல் வாங்கிப் படியுங்கள். நீதிமன்றத்தின் பெயரும் நீதிபதியின் கையெழுத்தும் இருக்கின்றனவா? 'ஐ-200' படிவம் என்றால் அது துறை அதிகாரியே கையெழுத்திட்டது. ஒருவரைக் கைது செய்ய அது போதும். உள்ளறைக்குள் நுழையும் அதிகாரத்தை அது தராது. "நான் சம்மதிக்கவில்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். மீறி நுழைந்தால் குறுக்கே நிற்காதீர்கள், நடந்ததைக் குறித்து வையுங்கள்.

ஐ-9 தணிக்கை நோட்டீஸ் வேறு விஷயம். ஊழியருக்கு அமெரிக்காவில் வேலை செய்ய அனுமதி உண்டு என்பதை முதலாளி சரிபார்த்து நிரப்பும் படிவம்தான் ஐ-9. அந்தப் படிவங்களைக் காட்டக் குறைந்தது 3 வேலை நாள் அவகாசம் உண்டு.

ஊழியர்களுக்கு மௌனமாக இருக்க உரிமை உண்டு. ஓடக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, போலி ஆவணம் காட்டக் கூடாது. இதையெல்லாம் கல்லாவில் நிற்கும் பையனுக்குத்தான் முதலில் சொல்லித் தர வேண்டும். நீங்கள் இல்லாத நேரத்தில் அவன் "உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டால், அதையே சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.