குட்டைக் குழல் ரிவால்வருக்கு எந்தத் தோட்டா?

தேன்கனிக்கோட்டைத் தோட்டத்து வீட்டுக்குப் புதிதாக .32 அங்குல நிர்பீக் ரிவால்வர் வாங்கியிருக்கிறீர்கள். வீரியமான தோட்டா வேண்டும் என்கிறீர்கள். வேண்டாம் ஐயா. 2014-இல் கான்பூரில் வெளியான இந்தத் துப்பாக்கியின் எடை சுமார் 500 கிராம். எடை குறையக் குறைய உதைப்பு கையில்தான் இறங்கும். இரண்டாவது குண்டு குறி தப்பும். பட்டதும் விரிவதற்காக நுனியில் குழி வைத்த குண்டும் குட்டைக் குழலில் வேகம் போதாமல் பல நேரம் விரிவதே இல்லை. உரிமத்தில் உள்ள .32-க்கான சாதாரண ஈயக் குண்டே போதும்.

ஒன்றை மட்டும் சோதியுங்கள். பயிற்சிக் களத்தில் ஒரே தோட்டாவைக் கடைசிவரை சுடாமல் வைத்து, மற்றவற்றைச் சுட்டபின் அதை வெளியே எடுத்து, முன்பே அளந்த நீளத்தோடு ஒப்பிடுங்கள். உதைப்பில் குண்டு உறையிலிருந்து முன்னே நகர்ந்திருந்தால் அந்த வகையே வேண்டாம். நுனி நீட்டிக்கொண்டால் தோட்டாக்களைத் தாங்கும் உருளை சுழலாமல் சிக்கிவிடும். தோட்டத்தில் சுட்டுப் பார்க்காதீர்கள், உரிமமே போய்விடும்.

யானை வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு வனத்துறையை அழையுங்கள்; .32 குண்டு அதன் கோபத்தைத்தான் கூட்டும்.